பெயருக்கு முன்னால் பொருள்: பாடத்திட்டம் வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் எழுதுகிறவர்கள், அதைச் சரிபார்த்து ஒப்புதல் தருகிறவர்கள், எந்தப் பாடத்துக்கு எத்தனை பீரியட் என்று கணக்குப் போடுகிறவர்கள் என எல்லாரையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். முதல் இரண்டு வகுப்புகளுக்குப் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்திவரும் ஆசிரியை நான். உங்களிடம் நான் கேட்பது இதுதான்: சிறு குழந்தைக்கு ஒன்றின் பெயரையும் வரையறையையும் சொல்லித் தருவதற்கு முன்னால், அது அந்தக் குழந்தையின் கைக்கும் காதுக்கும் மூக்குக்கும் கண்ணுக்கும் எட்டட்டும். அதற்கு வேண்டிய நேரத்தை ஆசிரியரின் நல்ல மனதுக்கு விட்டுவிடாமல் பாடத்திட்டத்திலேயே ஒதுக்குங்கள்.

எடை என்ற பாடத்தையே எடுத்துக்கொள்வோம். பயிற்சித்தாளில் ஒரு பலூனும் ஒரு செங்கல்லும் அச்சாகியிருக்கும். 'கனமானதை வட்டமிடுக' என்று கீழே எழுதியிருக்கும். இரண்டு படமும் ஒரே அளவு, ஒரே தாள், ஒரே மை. குழந்தை செங்கல்லை வட்டமிடும், நானும் டிக் போடுவேன். செங்கல் கனம் என்று முன்பே தெரிந்த குழந்தைக்கு அந்தத் தாள் புதிதாக எதையும் சொல்லவில்லை. தெரியாத குழந்தை பக்கத்தில் இருப்பவரின் தாளை எட்டிப் பார்த்து வட்டமிட்டிருக்கும். எடை என்பது விரலும் மணிக்கட்டும் தோளும் அறிகிற சங்கதி. அதைக் கண்ணிடம் மட்டும் கேட்டுவிட்டு, குழந்தைக்கு எடை தெரியும் என்று மதிப்பெண் பட்டியலில் எழுதிவிடுகிறோம்.

நான் அந்தப் பாடத்தை இரண்டு அட்டைப்பெட்டிகளோடு தொடங்குவேன். ஒன்று குழந்தையின் உள்ளங்கையில் அடங்கும். மற்றது இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய அளவு. உள்ளே மணலைப் போட்டு, தராசில் வைத்து, இரண்டையும் மிகச் சரியாக ஒரே எடைக்குக் கொண்டுவந்து ஒட்டி வைத்திருப்பேன். இது பிள்ளைகளுக்குத் தெரியாது. எது கனம் என்று கேட்டால், தொடுவதற்கு முன் எல்லாரும் பெரிய பெட்டியைத்தான் காட்டுவார்கள். தூக்கிப் பார்த்ததும் பேச்சு அப்படியே மாறும். "டீச்சர், சின்னதுதான் கனம்!" வகுப்பே கத்தும். பிறகு தராசில் வைப்போம். முள் நடுவில் நிற்கும்.

ஒருமுறை, அதிகம் வாய் திறக்காத ஒரு சிறுமி அதை நம்பவில்லை. தராசு வேலை செய்கிறதா என்று முதலில் ஒரு தட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். பெட்டிகளை இடம் மாற்றி வைத்தாள். முள் மறுபடி நடுவில் நின்றது. இரண்டையும் எடுத்து இன்னொரு முறை தூக்கினாள். "இப்பவும் எனக்குச் சின்னதுதான் டீச்சர் கனமா இருக்கு," என்றாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. ஒரே எடையுள்ள இரண்டு பொருள்களில் சிறியதே கனமாகத் தோன்றும் என்பதை பிரெஞ்சு மருத்துவர் ஓகுஸ்தேன் ஷார்பான்தியே 1891-ல் எழுதி வைத்தார். எடை சமம்தான் என்று தெரிந்த பிறகும் அந்த உணர்வு விலகாது, பெரியவர்களுக்கும் அப்படித்தான். அன்றைக்கு அந்தச் சிறுமிக்குத் தெரியவந்தவை இரண்டு. தன் கை தன்னிடம் ஒன்றைச் சொல்கிறது. அந்தக் கை தவறாகவும் சொல்லலாம். மனிதர்கள் ஏன் தராசு செய்தார்கள், ஏன் அளவுகோல் செய்தார்கள் என்ற கேள்விக்கு அவள் கையிலேயே விடை இருந்தது. 'எடையை அளக்கத் தராசு பயன்படுகிறது' என்ற பாட வரியை அதற்குப் பிறகு எழுதிப் போட்டபோது, அந்த வரிக்கு வகுப்பில் வேலை இருந்தது.

புலன் என்று பேச்செடுத்தாலே, 'புலன்கள் ஏமாற்றும், அறிவு அதைத் தாண்டியது' என்று பலரும் சொல்கிறார்கள். ஏமாற்றும் என்பது உண்மை. அந்த ஏமாற்றத்தைக் குழந்தை தானே கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகவும்தான் கேட்கிறேன். தன் கை பிசகுவதைப் பார்த்திராத குழந்தை, அளவை எதற்கு நம்ப வேண்டும்?

உயிர்களை அறிவின்படி அடுக்கிய தொல்காப்பியம் தொடுகையை முதலில் வைத்தது. உற்றறிவது ஓரறிவு. அதற்கு மேல் நாக்கு, மூக்கு, கண், செவி என்று அடுக்கி, கடைசியில் மனத்தை வைத்தது. கருவில் வளரும் குழந்தைக்கும் தொடு உணர்வுதான் முதலில் விழிக்கிறது. எட்டாவது வாரம் வாக்கிலேயே, உதட்டோரம் தொட்டால் உடல் அசைகிறது. வளர்ந்த மனிதரின் ஒரு கையில் மட்டும் தொடுகையை அறியும் நரம்பு அலகுகள் சுமார் 17,000 உண்டு. கண்ணைக் கட்டிவிட்டு, அன்றாடம் புழங்கும் பொருள்கள் நூறைக் கையில் கொடுத்து 1985-ல் ஒரு சோதனை செய்தார்கள். மக்கள் 96 சதவீதம் சரியாகச் சொன்னார்கள், பெரும்பாலும் சில நொடிகளில். இவ்வளவு திறமையுள்ள கையை நாம் வகுப்பறையில் பென்சில் பிடிக்கவும், மற்ற நேரம் கட்டிக்கொண்டு உட்காரவும் வைத்திருக்கிறோம்.

புலன்கள் தனித்தனி ஜன்னல்கள் என்றும், எதன் வழியாகப் பார்த்தாலும் உள்ளே போய்ச் சேருவது ஒன்றே என்றும் நினைத்துத்தான் தொடவேண்டிய பாடத்தைப் படமாக மாற்றுகிறோம். இந்த நினைப்பு சரியா என்ற கேள்வி பழையது. 1688-ல் வில்லியம் மாலினியூ என்ற அயர்லாந்து அறிஞர் தத்துவவாதி ஜான் லாக்குக்கு ஒரு கடிதம் எழுதினார். பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவர் உருண்டையையும் கனசதுரத்தையும் தொட்டுப் பிரித்தறியப் பழகியிருக்கிறார். திடீரென்று பார்வை வந்தால், தொடாமல், பார்த்த மாத்திரத்தில் எது உருண்டை என்று சொல்வாரா? மாலினியூவின் மனைவியும் பார்வை இழந்தவர். அந்தக் கேள்வி அவருக்கு வெறும் தர்க்க விளையாட்டாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகிப் பதில் வந்தது. பார்வையற்ற பிள்ளைகளுக்குச் சிகிச்சை தர நரம்பியல் அறிஞர் பவன் சின்ஹா தொடங்கிய பிரகாஷ் திட்டத்தின் கீழ் இந்தியாவில் அறுவைச் சிகிச்சை பெற்று, பிறவிப் பார்வையின்மையிலிருந்து மீண்ட ஐந்து பேரிடம் சோதித்தார்கள். எல்லாரும் 8 முதல் 17 வயதுக்குள் இருந்தவர்கள். ஆய்வு 2011-ல் வெளியானது. தொட்ட பொருளை மறுபடி தொட்டு அடையாளம் காட்டினார்கள். பார்த்ததை மறுபடி பார்த்து அடையாளம் காட்டினார்கள். ஆனால், தொட்டதைப் பார்த்து அடையாளம் காட்டச் சொன்னபோது, பூவா தலையா போட்டுப் பார்ப்பதைவிடக் கொஞ்சம்தான் மேல். பிறகு மறுபடி சோதிக்கப்பட்டவர்கள் சில நாள்களிலேயே நன்றாக முன்னேறியிருந்தார்கள். அந்தச் சில நாள்களில் அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே தொட்டார்கள், தொட்டுக்கொண்டே பார்த்தார்கள், அவ்வளவுதான். கைக்கும் கண்ணுக்கும் இடையே பாலம் பிறக்கும்போதே கட்டித் தரப்படுவதில்லை; இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே பொருளின் மேல் வேலை செய்யும்போது அது உருவாகிறது. செங்கல்லின் படத்தைப் பார்த்துக் கனத்தை உணர வேண்டுமென்றால், எப்போதாவது ஒரு செங்கல்லைப் பார்த்தபடியே தூக்கியிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பொருளை வகுப்புக்குக் கொண்டுவந்தால் மட்டும் போதாது. ஆசிரியர் மேசையில் வைத்துச் செய்து காட்ட, நாற்பது பிள்ளைகள் கைகட்டிப் பார்ப்பதும் பலன் தராது. 1963-ல் ரிச்சர்ட் ஹெல்ட், ஆலன் ஹைன் என்ற இரு உளவியலாளர்கள் இருட்டில் வளர்த்த பூனைக்குட்டிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். அவை தினமும் சில மணி நேரம் மட்டும் வெளிச்சத்துக்கு வந்தன. அப்போது ஒரு குட்டி ராட்டினம் போன்ற அமைப்பில் தானே நடந்து சுற்றியது. இன்னொரு குட்டி அதே ராட்டினத்தின் மறுமுனையில் ஒரு தொட்டிலில் உட்கார்ந்து, முதல் குட்டி இழுத்த இழுப்புக்குச் சுற்றிவந்தது. இரண்டும் பார்த்த காட்சிகள் ஏறக்குறைய ஒன்றுதான். நடந்த குட்டி பள்ளத்தைக் கண்டு விலகியது, தரை நெருங்கும்போது காலை நீட்டியது. தொட்டிலில் இருந்த குட்டிக்கு இரண்டும் வரவில்லை. பிறகு அதைத் தானே நடமாடவிட்ட சில நாள்களில்தான் வந்தது. கண் திறந்திருந்தும், தன் அசைவோடு சேராத காட்சி அதற்குப் பயன்படவில்லை.

பூனைக்குட்டியை வைத்துப் பிள்ளைகளைப் பேசலாமா என்று கேட்பீர்கள். நியாயம். கல்லூரி மாணவர்களிடமே 2015-ல் சோதித்திருக்கிறார்கள். இயற்பியலில் கோண உந்தம், அதாவது சுழலும் பொருள் தன் சுழற்சியைத் தக்கவைக்கும் தன்மை பற்றிய பாடம். இரண்டு மிதிவண்டிச் சக்கரங்களை ஓர் அச்சில் கோத்து, சுழலவிட்டு, அச்சைப் பிடித்துச் சாய்க்கச் சொன்னார்கள். சுழலும் சக்கரம் சாயாமல் கையை எதிர்த்துத் தள்ளும். ஒரு குழுவினர் அதைத் தாங்களே பிடித்து உணர்ந்தார்கள். மற்றவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தார்கள். பிறகு வைத்த எழுத்துத் தேர்வில், பிடித்தவர்கள் பார்த்தவர்களைவிட நன்றாக எழுதினார்கள். தேர்வுத்தாளில் சக்கரமே இல்லை. கேள்விக்குப் பதில் யோசிக்கும்போது அவர்களின் மூளையில் உடலசைவுக்கும் தொடுகைக்கும் உரிய பகுதிகள் வேலை செய்தன; அந்த வேலை எவ்வளவு கூடியதோ, மதிப்பெண்ணும் அவ்வளவு கூடியது. 'புலன் அனுபவம் சின்னப் பிள்ளைகளுக்கு, கருத்து பெரியவர்களுக்கு' என்று கோடு போட முடியாது. நுண்மையான கருத்தும் கை வழியாகத் தெளிவு பெறுகிறது.

மனித உயிரோடு விளையாட முடியாத தொழில்களில் இது யாருக்கும் சந்தேகமாக இருந்ததில்லை. நோயாளியின் மார்பை விரலால் தட்டி, அந்த ஓசையை வைத்து உள்ளே நீர் கோத்திருக்கிறதா என்று அறியும் முறையை லியோபோல்ட் அவென்புரூகர் என்ற ஆஸ்திரிய மருத்துவர் 1761-ல் எழுதி வெளியிட்டார். ஸ்டெதாஸ்கோப்பை லேனெக் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1816-ல் கண்டுபிடித்தார். இன்றும் மருத்துவ மாணவர் தட்டிப் பழகுகிறார், கேட்டுப் பழகுகிறார், தொட்டுப் பழகுகிறார். புத்தகத்தை மட்டும் படித்தவரை யாரும் நோயாளியிடம் அனுப்புவதில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு மட்டும் படமே போதும் என்று எப்படி முடிவு செய்தோம்?

திரை பற்றி ஒரு வார்த்தை. டேப்லெட் வந்த பிறகு 'எல்லாவற்றையும் நேரில் பார்ப்பது போலவே காட்டிவிடலாம்' என்ற பேச்சு உங்கள் கூட்டங்களிலும் எழுந்திருக்கும். எட்டாத பொருளைக் காட்டத் திரை உதவும். எரிமலையை வகுப்புக்குக் கொண்டுவர முடியாது. ஆனால், எட்டும் பொருளுக்குத் திரை ஈடாகாது. குழந்தைகளின் மொழியை ஆராயும் பட்ரீசியா கூல் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் 9 மாதக் குழந்தைகளுக்கு மாண்டரின் சீனத்தைக் கேட்கச் செய்தார்கள். சீனம் பேசுகிறவர் எதிரில் உட்கார்ந்து, பொம்மையைக் காட்டி, புத்தகம் படித்து விளையாடியபோது, 12 அமர்வுகளில் குழந்தைகள் அந்த மொழியின் ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். அதே ஆள், அதே பேச்சு தொலைக்காட்சியில் வந்தபோது ஒன்றும் பதியவில்லை. ஒலிப்பதிவாகக் கேட்டவர்களுக்கும் அப்படியே. பேசுகிறவர் எங்கே பார்க்கிறார், கையில் எதை எடுக்கிறார், தான் சிரித்தால் அவரும் சிரிக்கிறாரா என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்த வயதில் மொழி.

எழுத்துக்கும் இது பொருந்தும். கேரின் ஜேம்ஸ் என்ற உளவியலாளர் 2012-ல் இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளிடம் மூன்று விதமாக எழுத்துப் பயிற்சி கொடுத்தார். சிலவற்றை அவர்களே கையால் எழுதினார்கள், சிலவற்றை விசைப்பலகையில் தட்டினார்கள், சிலவற்றை அச்சிட்ட கோட்டின் மேல் எழுதினார்கள். பிறகு அந்த எழுத்துகளைக் காட்டி மூளையைப் படமெடுத்தபோது, படிப்பதற்கு உரிய பகுதிகள் எழுந்தது தாமாக எழுதிய எழுத்துகளுக்குத்தான். இதை வைத்து உங்களிடம் குறிப்பாக ஒன்று கேட்க வேண்டும். புள்ளிக் கோட்டின் மேல் எழுதவைக்கும் பயிற்சி ஏடுகள் முதல் வகுப்பில் அளவுக்கு மேல் இருக்கின்றன. அதில் எழுத்து அழகாக வரும், பெற்றோருக்கும் மகிழ்ச்சி. வெற்றுத் தாளில் குழந்தை எழுதும் எழுத்து கோணும், ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வரும். அந்தக் கோணலில்தான் 'இப்படி வளைந்தாலும் அதே எழுத்து, இதற்கு மேல் வளைந்தால் வேறு எழுத்து' என்று குழந்தை தெரிந்துகொள்கிறது. புள்ளிக் கோடுகளைக் குறைத்து வெற்றுத் தாளைக் கூட்டுங்கள்.

இனி நான் சொல்லப்போவது, என்னோடு ஒத்துப்போகும் சிலருக்கே பிடிக்காமல் போகலாம். புலன்வழிக் கல்வி என்ற பெயரில் நடக்கும் எல்லாவற்றையும் நான் ஆதரிக்கவில்லை. சுவர் தெரியாமல் படமும் வண்ணத்தாளும் தோரணமும் ஒட்டி, இதுதான் புலன்களுக்கு விருந்து என்று சொல்கிறார்கள். 2014-ல் 24 மழலையர் வகுப்புக் குழந்தைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். அலங்காரம் இல்லாத அறையில் நடந்த பாடங்களில் அவர்கள் 55 சதவீதம் சரியாக விடையளித்தார்கள். சுவர் நிறைய அலங்கரித்த அறையில் 42 சதவீதம். பாடத்தோடு சேராத காட்சி, பாடத்திலிருந்து கண்ணைத் திருடிக்கொள்கிறது. ஒரே நேரத்தில் எத்தனை புலன்களை எழுப்பினோம் என்று கணக்குப் பார்க்க வேண்டாம். கற்க வேண்டிய பொருளின் மேல் புலன் போய் விழுந்ததா என்று பார்ப்போம்.

'இவன் கண்வழிக் கற்பவன், இவள் காதுவழிக் கற்பவள்' என்று பிள்ளைகளைப் பிரித்து அடையாளம் குத்தும் படிவங்கள் ஆசிரியர் பயிற்சிகளில் இன்னும் தரப்படுகின்றன. அப்படிப் பிரித்து, அந்தந்த வழியில் பாடம் நடத்தினால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று உளவியலாளர் ஹெரால்ட் பாஷ்லரும் மற்ற மூவரும் 2008-லேயே ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லிவிட்டார்கள். எந்தப் புலன் என்பதைத் தீர்மானிப்பது கற்கும் பொருள்தான். ராகத்தைக் காதால்தான் கற்க வேண்டும், எந்தப் பிள்ளையாக இருந்தாலும். மேடு பள்ளத்தைக் காலால் நடந்துதான் அறிய வேண்டும். அந்தப் படிவங்களைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். 'நான் காதுவழிக் கற்பவன், எனக்கு வரைபடம் வராது' என்று ஒரு பிள்ளை எட்டு வயதிலேயே முடிவு செய்துகொள்வதைப் பார்க்க எனக்கு மனம் தாங்கவில்லை.

புலன் ஒன்று குறைந்த குழந்தைகளின் பேச்சுக்கு இங்கேதான் வர வேண்டும். புலன்வழிக் கல்வி என்றதும் 'அப்படியானால் பார்வையில்லாத பிள்ளை என்ன செய்யும்' என்று கேட்கிறார்கள். இன்றைய படப் பாடத்தில்தான் அந்தப் பிள்ளைக்கு ஒன்றுமே இல்லை. பொருள் கைக்கு வரும் நாளில் அந்தப் பிள்ளையும் மற்றவர்களோடு சமமாக உட்கார்கிறது. என் வகுப்பில் இலைகளைக் கொடுத்து ஆராயச் சொன்ன அன்று, பார்வையில்லாத ஒரு சிறுவன், "இலைக்கு முதுகு வேற, வயிறு வேற" என்றான். மற்றவர்கள் பச்சை, நீளம், கூர்முனை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவன் சொன்ன பிறகு எல்லாரும் இலையைத் திருப்பித் தடவிப் பார்த்தார்கள். அடிப்பக்கத்தில் நரம்புகள் புடைத்திருந்தன. அன்று வகுப்புக்கு இலை நரம்பைக் காட்டிக் கொடுத்தவன் அவன்தான்.

கீராட் வெர்மே என்ற உயிரியலாளரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நெதர்லாந்தில் 1946-ல் பிறந்து, மூன்று வயதில் பார்வையை முழுவதும் இழந்தவர். சிறு வயதில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். நான்காம் வகுப்பில் அவருடைய ஆசிரியை ஃபுளோரிடா கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளையும் சங்குகளையும் வகுப்புக்குக் கொண்டுவந்து ஜன்னலோரம் வைத்தார். வெர்மே அவற்றைத் தடவிப் பார்த்தார். நெதர்லாந்தின் குளிர்ந்த கடற்கரையில் தான் தொட்டவை சுண்ணாம்பு போலக் கரடுமுரடாக இருந்தனவே, இவை மட்டும் ஏன் இவ்வளவு வழவழப்பு, ஏன் இத்தனை நுணுக்கமான மடிப்பு என்று அவருக்குத் தோன்றியது. அந்தக் கேள்வியையே வாழ்நாள் முழுவதும் பின்தொடர்ந்தார். ஓடுகளின் தடிப்பையும், வாயின் குறுகலையும், உடைந்து மறுபடி கூடிய தழும்புகளையும் விரலால் படித்தார். வெப்பக் கடல்களில் ஓட்டை நொறுக்கித் தின்னும் நண்டுகளும் மீன்களும் அதிகம். அவற்றிலிருந்து தப்பிக்கவே நத்தைகளின் ஓடுகள் கோட்டை போல உருமாறின என்று நிறுவினார். பரிணாம உயிரியலில் இன்று முக்கியமாகப் பேசப்படும் கருத்துகளில் அதுவும் ஒன்று. அவருடைய வகுப்பறையில் ஜன்னலோரச் சிப்பிகளுக்குப் பதிலாகச் சிப்பியின் வண்ணப்படம் மாட்டியிருந்தால், பார்வையுள்ள பிள்ளைகள் ஒரு நொடி பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். அவருக்கு அந்தப் பாடம் இல்லாமலே போயிருக்கும்.

விரலால் தொட்டு வாசிக்கும் பிரெயில் எழுத்தைப் படிக்கும் பார்வையற்றவர்களின் மூளையை 1996-ல் ஆராய்ந்தபோது, மூளையின் மேலடுக்கில் பார்வைக்குரிய பகுதியும் அந்த வாசிப்பில் வேலை செய்வது தெரிந்தது. மூளை எந்த இடத்தையும் சும்மா விட்டுவைப்பதில்லை. ஆனால், அதற்கும் பருவம் உண்டு. பூனைக்குட்டியின் ஒரு கண்ணைப் பிறந்த சில வாரங்களில் மூடிவைத்துப் பிறகு திறந்தால், கண் நன்றாக இருந்தும் மூளை அந்தக் கண்ணுக்குச் செவிசாய்ப்பதில்லை. வளர்ந்த பூனைக்கு அதே போல மூடினால் அந்த இழப்பு நேர்வதில்லை. டேவிட் ஹ்யூபெலும் டார்ஸ்டன் வீசலும் 1981-ல் நோபல் பரிசு பெற்றதற்கு இந்த வேலையும் ஒரு காரணம். வகுப்பறைக் கல்விக்கு அவ்வளவு கறாரான கெடு இருப்பதாக நான் சொல்லவில்லை. பத்து வயதிலும் நாற்பது வயதிலும் கை கற்கும். ஆனால், தொட்டறியும் ஆவல் தானாகப் பொங்கி நிற்கும் வயதில் 'தொடாதே, உட்கார்' என்று சொல்லிவிட்டு, மேல் வகுப்பில் ஆய்வகம் கட்டித் தருவது நல்ல வரிசை இல்லை.

வெளியே போவதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் நடந்து 2015-ல் வெளியான ஆய்வு இது. அவற்றில் பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் 40 நிமிட வெளிப்புற வகுப்பைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். மூன்று ஆண்டுகளில் அந்தப் பள்ளிகளில் 30.4 சதவீதப் பிள்ளைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது. மற்ற பள்ளிகளில் அது 39.5 சதவீதம். புலன் வழியாகக் கற்பிக்கிறோமோ இல்லையோ, புலனைக் கெடுக்காமலாவது இருப்பது நம் பொறுப்பு.

உங்கள் தரப்பில் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். நேரம் இல்லை என்பீர்கள். உண்மைதான், இப்போது இல்லை. எடைக்கு ஒரு பீரியட் என்று போட்டிருக்கிறீர்கள். நாற்பது பிள்ளைகளும் ஆளுக்கு ஒருமுறை தூக்கிப் பார்ப்பதற்குள் மணி அடித்துவிடும். அதனால்தான் பாடங்களின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்கிறேன். முதல் இரண்டு வகுப்புகளில் சூழ்நிலையியல் பாடங்களில் பாதியை எடுத்துவிட்டு, மீதிப் பாதிக்கு இரட்டை நேரம் கொடுங்கள். எடுத்துவிட்ட பாடங்கள் மூன்றாம் வகுப்பில் வந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

செலவு பெரிய தடை இல்லை. மணல், தண்ணீர், கல், இலை, கயிறு, அட்டைப்பெட்டி, ஒரு தராசு, சில காந்தங்கள், ஒரு பூதக்கண்ணாடி. இவற்றுக்குக் கருவிப்பெட்டி என்று பெயர் வைத்து, அலமாரியில் பூட்டி, சாவியைத் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிடும் ஏற்பாடு மட்டும் வேண்டாம். உடைந்தால் யார் கணக்குக் காட்டுவது என்ற பயத்திலேயே பல பெட்டிகள் திறக்கப்படாமல் கிடக்கின்றன. தேயும், உடையும், தொலையும் என்பதை முன்கூட்டியே ஏற்று, ஆண்டுதோறும் நிரப்பிக்கொள்ள ஒரு சிறு தொகையை விதியிலேயே எழுதுங்கள். உடைந்ததற்கு ஆசிரியர் விளக்கம் எழுத வேண்டாம் என்று ஒரு வரியும் சேருங்கள்.

சத்தம் வரும். அதற்கும் உங்கள் உதவி வேண்டும். பொருளைக் கையில் கொடுத்த வகுப்பு பேசும், சண்டை போடும், எழுந்து ஓடிவந்து காட்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் அமைதியான வகுப்பே நல்ல வகுப்பு என்று குறிப்பெழுதும் வரை, எந்த ஆசிரியரும் துணிந்து மணலை எடுக்கமாட்டார். ஆய்வுப் படிவத்தில் 'வகுப்பறை ஒழுங்கு' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'குழந்தைகள் கையில் என்ன இருந்தது' என்று ஒரு கட்டம் இருக்கட்டும்.

மதிப்பீடும் மாற வேண்டும். எடை தெரியுமா என்று பார்க்க, மூன்று பொருள்களைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லலாம். எழுதத் தயங்கும் பிள்ளையும், பேசத் தயங்கும் பிள்ளையும், வீட்டுமொழி வேறாக இருக்கும் பிள்ளையும் அதைச் செய்து காட்டும். பயிற்சித்தாளில் பூஜ்யம் வாங்கிய பிள்ளைகள் தராசின் முன்னால் யாரைவிடவும் தெளிவாக இருந்ததை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் தெரிந்ததை நம் தேர்வு கேட்கவே இல்லை.

அடுத்த திருத்தத்துக்கான வரைவு உங்கள் மேசைக்கு வரும்போது, முதல் இரண்டு வகுப்புகளின் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே ஒரு பத்தியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: இந்தப் பாடத்தில் குழந்தை எதைத் தொடும், எதைத் தூக்கும், எதைக் கேட்கும், எதை முகரும், எத்தனை நிமிடம்? அந்தப் பத்தி காலியாக இருக்கும் பாடத்தை நிரப்பும் வரை நிறுத்தி வையுங்கள். நிரப்ப ஆள் வேண்டுமென்றால் எங்களைக் கூப்பிடுங்கள். என்னைப் போல இரண்டு பெட்டியும் மணலும் வைத்துக்கொண்டு வேலை செய்கிற ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறோம்; விடுமுறையிலும் வருவோம்.

இப்படிக்கு,
ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை